தங்கம்–பல்லேடியம் நானோ கம்பியில் வெப்பக் கடத்துதிறன் 6700 வருகிறது, எங்கே தப்பு?

மெல்லிழை:

வணக்கம். தங்கம்–பல்லேடியம் கலவையில் (60:40) செய்த மெல்லிய கம்பியின் வெப்பக் கடத்துதிறனை மூன்று ஒமேகா முறையில் (மாறுமின்னோட்டம் கம்பியைச் சூடாக்குவதால் மூன்று மடங்கு அலைவெண்ணில், அதாவது மூன்றாம் ஹார்மோனிக்கில், எழும் மின்னழுத்தத்தை அளக்கும் முறை) அளந்ததில், மீட்டர்-கெல்வினுக்கு 6700 வாட் என்று வருகிறது. வைரத்துக்கே 2000 சொச்சம்தான். தப்பு இருப்பது நிச்சயம். எந்தப் படியில் என்று பிடிபடவில்லை.

கம்பியின் அகலம் 80 நானோமீட்டர், தடிமன் 20 நானோமீட்டர். இரண்டு வோல்டேஜ் கால்களுக்கு நடுவே நீளம் 10 மைக்ரான். சிலிக்கான் வேஃபர் மேல் 300 நானோமீட்டர் ஆக்ஸைடு, அதன் மேல் பிடிப்புக்காக 2 நானோமீட்டர் டைட்டானியம், அதற்கு மேல் கலவை. எலக்ட்ரான் பீம் லித்தோகிராஃபி, லிஃப்ட்-ஆஃப். நாலு முனை மின்தடை அறை வெப்பநிலையில் 2.8 கிலோ ஓம், அதாவது தன்மின்தடை 45 மைக்ரோ ஓம் செ.மீ. மின்தடையின் வெப்பநிலைக் குணகத்தை இதே கம்பியில் 290 முதல் 330 கெல்வின் வரை அளந்தேன்: கெல்வினுக்கு 0.0005.

50 மைக்ரோ ஆம்பியர், 1 கிலோஹெர்ட்ஸ், நல்ல வெற்றிடம். மூன்றாம் ஹார்மோனிக் 19 மைக்ரோவோல்ட். மின்னோட்டத்தின் மூன்றாம் படியில் ஏறுகிறது, கட்டம் 180 பாகை. ஆக, சிக்னல் பொய்யில்லை. வீடெமன்–ஃபிரான்ஸ் விதிப்படி (உலோகத்தில் வெப்பக் கடத்துதிறன் மின்கடத்துதிறனுக்கும் வெப்பநிலைக்கும் நேர்விகிதம் என்ற விதி) வரவேண்டியது 16 வாட்.

கேள்வி மூன்று. 6700 எப்படி வருகிறது? இவ்வளவு ஒழுங்கற்ற உலோகத்தில், இவ்வளவு மெல்லிய கம்பியில், வீடெமன்–ஃபிரான்ஸ் விதி செல்லுமா? அடுத்து இதையே டைலூஷன் ஃபிரிட்ஜில் (மில்லிகெல்வின் அளவுக்குக் குளிர்விக்கும் கருவி) 1 கெல்வினுக்குக் கீழே அளக்க வேண்டும்; அதற்கு என்ன மாற்ற வேண்டும்?

---

வெப்பக்கணக்கு:

உங்க சிக்னல் சரிதான், சூத்திரம் இந்தக் கம்பிக்கு உரியதில்லை. நீங்க போட்டது இரண்டு முனையில் மட்டும் பிடித்து அந்தரத்தில் நிற்கிற கம்பிக்கான சூத்திரம். அங்கே வெப்பத்துக்கு முனைகளைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. உங்க கம்பி முழு நீளத்துக்கும் ஆக்ஸைடு மேல் படுத்திருக்கு. வெப்பம் நேரே கீழே இறங்கிடுது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பி வழியான வெப்பக் கடத்தம் = லோரென்ஸ் எண் (வீடெமன்–ஃபிரான்ஸ் விதியின் விகித மாறிலி) × வெப்பநிலை ÷ மின்தடை. 2.44 × 10⁻⁸ × 300 ÷ 2800, அதாவது கெல்வினுக்கு 2.6 நானோவாட். முழு நீளமும் சூடாகி இரண்டு முனையிலும் வெளியேறும்போது, சராசரி வெப்பநிலை உயர்வுக்கு எதிராக இது 12 மடங்காகக் கணக்காகும்: 31 நானோவாட்.

இப்போ கீழே இறங்குற வழி. ஆக்ஸைடின் கடத்துதிறன் 1.4. கம்பி அகலம் 80, ஆக்ஸைடு தடிமன் 300 என்பதால் வெப்பம் பக்கவாட்டில் விசிறி மாதிரி விரிந்து இறங்கும். வெறுமனே அகலம் ÷ தடிமன் என்று போட்டால் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தத் தவறு செய்யாதீங்க. விரிவைச் சேர்த்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கெல்வினுக்கு 1.5 வாட். உலோகம்–ஆக்ஸைடு இடைமுகத் தடையையும் சேர்த்தால் 1.3 அளவில் நிற்கும். 10 மைக்ரானுக்கு 13 மைக்ரோவாட். இது 31 நானோவாட்டைப் போல 420 மடங்கு. 16-ஐ 420-ஆல் பெருக்குங்க, உங்க 6700 பக்கத்தில் வந்து நிற்கும். நீங்க அளந்திருப்பது ஆக்ஸைடைத்தான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கம்பி வழியே வெப்பம் எவ்வளவு தூரம் போய் அதற்குள் கீழே கசிந்துவிடுகிறது என்ற தூரம் இங்கே வெறும் 0.14 மைக்ரான். 10 மைக்ரான் கம்பியில் இரண்டு ஓரத்தில் அந்த 0.14 மைக்ரானுக்கு மட்டும்தான் பேட் (கம்பி முனையிலுள்ள அகலமான உலோகப் பட்டை) இருப்பதே தெரியும். நீளத்தைக் குறைத்தோ மின்னோட்டத்தை மாற்றியோ இதைச் சரிசெய்ய முடியாது. அறை வெப்பநிலையில் கம்பியை அந்தரத்தில் விட்டே ஆகணும்.

அப்படி விட்ட பிறகு ஒரு பெரிய வசதி கிடைக்கும். மூன்று ஒமேகா பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கம்பியில் விழுகிற மின்னழுத்தத்தை வைத்து எழுதினால்,

சராசரி வெப்பநிலை உயர்வு = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ (12 × லோரென்ஸ் எண் × வெப்பநிலை).

இதில் நீளம் இல்லை, அகலம் இல்லை, தடிமன் இல்லை. நீளமான கம்பிக்கு வெப்பத்தடை கூடும், அதே விகிதத்தில் மின்தடையும் கூடும், இரண்டும் அடிபட்டுப் போகும். 300 கெல்வினில் 9.4 மில்லிவோல்ட் கொடுத்தால் சராசரி 1 கெல்வின் ஏறும். எந்த உலோகமானாலும், எந்த அளவானாலும், விதி செல்லுகிற வரைக்கும். 20 நானோமீட்டர் தடிமனை ஒரு நானோமீட்டர் தப்பாக அளந்தாலே கடத்துதிறனில் 5 சதவீதப் பிழை. இங்கே அந்தக் கவலையே வேண்டாம். கடத்துதிறனைக் கண்டுபிடித்து விதியோடு ஒப்பிடுவதை விட்டுட்டு, லோரென்ஸ் எண்ணையே நேராக எடுங்க. மூன்று ஒமேகாவில் அது இப்படி வரும்: மூன்றாம் ஹார்மோனிக் ÷ முதல் ஹார்மோனிக் = 4 × வெப்பநிலைக் குணகம் × மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ (பை-யின் நாலாம் படி × லோரென்ஸ் எண் × வெப்பநிலை). எல்லாம் ஆர்.எம்.எஸ். மதிப்பு.

ஒன்று கவனம்: அந்தரத்தில் விட்ட கம்பிக்கு அதே 50 மைக்ரோ ஆம்பியரைக் கொடுத்துடாதீங்க. அது 140 மில்லிவோல்ட். நடுப்பகுதி 540 கெல்வினுக்குப் போயிடும். 14 மில்லிவோல்ட், உங்க கம்பிக்கு 5 மைக்ரோ ஆம்பியர், போதும். சராசரி 2.2 கெல்வின் ஏறும், சிக்னல் 8 மைக்ரோவோல்ட் அளவில் வரும். லாக்-இன்னுக்கு (ஒரே அலைவெண் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) இது தாராளம்.

வெற்றிடம் ஏன் கட்டாயம் என்றால், வளிமண்டல அழுத்தத்தில் இந்த அளவுள்ள கம்பியிலிருந்து காற்று எடுத்துப் போகும் வெப்பம் முனைகள் வழியாகப் போவதைவிடப் பல மடங்கு. 10⁻³ மில்லிபாருக்குக் கீழே போனால் காற்றை மறந்துடலாம். கதிர்வீச்சு 10 மைக்ரான் கம்பிக்கு ஒரு பொருட்டே இல்லை.

அலைவெண் பற்றி: இந்த நீளத்துக்கு வெப்பக் காலமாறிலி மைக்ரோவினாடி அளவில். 1 கிலோஹெர்ட்ஸ் நிதானமாகவே தாங்கும். 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் மூன்றாம் ஹார்மோனிக் மேல் விழாமல் எண்ணைத் தேர்ந்தெடுங்க. 1000-க்குப் பதில் 1013 மாதிரி.

---

பனிக்கலன்:

மூன்றாவது கேள்விக்கு என் பதில். 1 கெல்வினுக்குக் கீழே நிலைமை தலைகீழ். அங்கே கம்பி சப்ஸ்ட்ரேட்டிலேயே கிடக்கட்டும், அந்தரத்தில் விட வேண்டியதில்லை.

காரணம், வெப்பம் கீழே இறங்க வேண்டுமானால் எலக்ட்ரான் அதை முதலில் ஃபோனானிடம் (அணிக்கோவையின் அதிர்விடம்) கொடுக்க வேண்டும். அந்தக் கைமாற்றம் குளிரில் மிக வேகமாகச் செத்துப்போகிறது. கைமாறும் திறன் = சிக்மா (உலோகத்துக்கு உரிய மாறிலி) × பருமன் × (எலக்ட்ரான் வெப்பநிலையின் ஐந்தாம் படி − ஃபோனான் வெப்பநிலையின் ஐந்தாம் படி). தங்கத்துக்கும் தாமிரத்துக்கும் சிக்மா கனமீட்டருக்கு 2 × 10⁹ வாட்/கெல்வின்⁵ அளவில் வரும். இதையே உங்கள் கலவைக்கும் வைத்தால், எலக்ட்ரான் வெப்பம் கீழே கசியாமல் கம்பியில் ஓடும் தூரம் 4.2 கெல்வினில் 0.27 மைக்ரான், 1 கெல்வினில் 2.3 மைக்ரான், 0.1 கெல்வினில் 74 மைக்ரான். வெப்பநிலை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் தூரம் 32 மடங்கு நீள்கிறது.

ஆகவே 10 மைக்ரான் கம்பி 0.3 கெல்வினுக்குக் கீழேதான் உங்களுக்கு வேண்டிய ஆட்சிக்குள் (வெப்பம் முனைகள் வழியாகவே போகும் நிலைக்குள்) வரும். 2 மைக்ரான் கம்பி என்றால் 0.5 கெல்வினிலேயே வந்துவிடும். குட்டைக் கம்பியோடு நெடிய கம்பியையும் ஒரே சிப்பில் போடுங்கள்: குட்டைக் கம்பி முனை வழிக் கடத்தலைக் காட்டும், 50 மைக்ரான் கம்பி ஃபோனான் வழியைக் காட்டும்.

குளிரில் வெப்பநிலை உயர்வு சிறியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழுச் சமன்பாடு இது: கம்பியின் ஒரு புள்ளியில் வெப்பநிலையின் வர்க்கம் = பேட் வெப்பநிலையின் வர்க்கம் + (மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ லோரென்ஸ் எண்) × அந்தப் புள்ளி இடமிருந்து எத்தனை பங்கு × வலமிருந்து எத்தனை பங்கு. நடுவில் இரண்டு பங்கும் அரை என்பதால் நாலில் ஒன்று. பேட் 0.1 கெல்வினில் இருக்க, 100 மைக்ரோவோல்ட் கொடுத்தால் நடுவே 0.335 கெல்வின். இங்கேயும் நீளமோ தடிமனோ வரவில்லை.

வெப்பமானியாகக் கம்பியின் மின்தடையை நம்ப முடியாது. இந்தக் குளிரில் அது அசைவதே ஒரு சதவீதத்துக்குள். கம்பியின் இரைச்சலை அளப்பதே நேரான வழி. ஜான்சன் இரைச்சல் (வெப்பத்தால் மின்தடையில் எழும் இரைச்சல்) எலக்ட்ரான் வெப்பநிலையின் சராசரியையே தருகிறது. பேட் குளிர்ந்திருந்து கம்பி மட்டும் சூடாகும்போது இரைச்சல், முழு ஷாட் இரைச்சலில் (மின்னூட்டம் தனித்தனித் துகளாகப் போவதால் வரும் இரைச்சல்) மூன்றின் வர்க்கமூலம் ÷ 4, அதாவது 0.433 பங்கு. எலக்ட்ரான்கள் தங்களுக்குள் மோதிச் சமநிலைக்கு வர நேரமில்லாத அளவுக்குக் கம்பி குட்டையானால் இது 1/3 ஆகும். 0.433-ஐ ஸ்டைன்பாக், மார்ட்டினிஸ், டெவொரே மூவரும் 1996-இல் வெள்ளிக் கம்பியில் அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு பிரான்ஸின் சாக்லே ஆய்வகக் குழு தாமிரக் கம்பியில் எலக்ட்ரான் ஆற்றல் பரவலையே நேரடியாக அளந்து, குட்டைக் கம்பியில் அது இரண்டு படிக்கட்டாக இருப்பதைக் காட்டியது. அந்த ஆட்சியில் ‘எலக்ட்ரான் வெப்பநிலை’ என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. உங்கள் அளவீட்டில் 0.433-க்கும் 0.333-க்கும் நடுவே ஏதாவது வந்தால் அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

நடைமுறையில் இரைச்சல் மிகச் சிறியது. 2.8 கிலோ ஓம், 0.1 கெல்வின்: ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.124 நானோவோல்ட். அறை வெப்பநிலை ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் 1 நானோவோல்ட் இருக்கும். ஒரே கம்பியை இரண்டு தனித்தனி ஆம்ப்ளிஃபையருக்குத் தனித்தனி வயரில் கொண்டுபோய், இரண்டின் குறுக்குத் தொடர்பை எடுங்கள். ஆம்ப்ளிஃபையர்களின் வோல்டேஜ் இரைச்சல் ஒன்றோடொன்று தொடர்பில்லாததால் சராசரியில் கரையும், கம்பியின் இரைச்சல் மட்டும் நிற்கும். 100 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் ஒரு சதவீதத் துல்லியத்துக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். கேபிள் கொள்ளளவு 300 பிகோஃபேரட் இருந்தால் 190 கிலோஹெர்ட்ஸிலேயே சிக்னல் விழத் தொடங்கும். எனவே மின்னோட்டம் இல்லாமல் ஃபிரிட்ஜ் வெப்பநிலையை ஏற்றி இறக்கி, இரைச்சல் நேர்கோட்டில் போகிறதா என்று முதலில் அளவுதிருத்தம் செய்யுங்கள். நேர்கோடு 100 மில்லிகெல்வினுக்குக் கீழே படுத்துவிட்டால் ஃபிரிட்ஜின் குளிர் கம்பியின் எலக்ட்ரானுக்கு எட்டவில்லை என்று அர்த்தம்; வயரிங்கில் வடிகட்டி போதவில்லை.

---

மெல்லிழை:

இருவருக்கும் நன்றி. அந்தரக் கம்பி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: அதே அகலம், தடிமன், நீளம் 4 மைக்ரான், பேட் 150 நானோமீட்டர் தடிமன். 14 மில்லிவோல்ட்டில் மூன்றாம் ஹார்மோனிக் 6.5 மைக்ரோவோல்ட். லோரென்ஸ் எண் 2.9 × 10⁻⁸ வருகிறது. 2.44-க்கு மேலே 19 சதவீதம். இது விதி மீறலா? அடுத்து, குளிர் அளவீட்டுக்கான சிப்பில் கால்களையும் பேட்களையும் அலுமினியத்தில் போடலாம் என்று திட்டம். அதில் சிக்கல் உண்டா? புதிதாகச் செய்யும் அந்தரக் கம்பிகளில் பாதி ஆக்ஸைடு அரிப்புக்குப் பிறகு கழன்று போகின்றன, அதற்கும் காரணம் சொன்னால் உதவும்.

---

சுத்தஅறை:

கழன்று போவதற்குக் காரணம் டைட்டானியம். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் ஆக்ஸைடை அரிக்கும்போதே டைட்டானியத்தையும் கரைக்கும். 2 நானோமீட்டர் அடுக்கு நொடியில் போய்விடும், பேட் ஓரத்திலிருந்து அமிலம் அடியில் புகுந்து உரித்துவிடும். குரோமியம் 2 முதல் 3 நானோமீட்டர் போடுங்க, இந்த அமிலத்தில் தாங்கும்.

6:1 பஃபர் அமிலம் அறை வெப்பநிலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 நானோமீட்டர் அரிக்கும். முழு 300-ஐயும் எடுக்க மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் பேட் அடியிலும் 300 நானோமீட்டர் உள்ளே குடைந்துவிடும். கம்பிக்குக் கீழே வழி திறக்கப் பக்கத்துக்கு 40 நானோமீட்டர் போதும், ஆனால் கம்பி தொய்ந்தால் தரையைத் தொடக்கூடாது. இரண்டு நிமிடத்தில் நிறுத்திப் பாருங்க.

எடுத்ததும் காய விடாதீங்க. நீர் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை கம்பியைத் தரையோடு ஒட்டவைத்துவிடும். தண்ணீர், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பிறகு கார்பன் டைஆக்ஸைடு கிரிட்டிகல் பாயின்ட் டிரையர். நடுவில் ஒரு தடவைகூட சிப் திரவத்துக்கு வெளியே வரக்கூடாது. 20 நானோமீட்டர் தடிமனில் 10 மைக்ரான் நீளம் பேராசை. 4 மைக்ரான் நல்ல முடிவு.

கம்பிக்கு அடியில் சிலிக்கான் நைட்ரைடு விட்டுவைத்தால் பலமாக இருக்குமே என்று தோன்றும். 100 நானோமீட்டர் நைட்ரைடு கம்பி அகலத்துக்கு இருந்தாலே, அது கடத்தும் வெப்பம் கம்பி கடத்துவதற்குச் சமமாக இருக்கும். அறை வெப்பநிலை அளவீட்டுக்கு அது வேண்டாம்.

இன்னொன்று: பொட்டலத்திலிருந்து எடுப்பது முதல் கேபிள் மாட்டும் வரை எல்லாக் காலும் ஷார்ட் ஆகவே இருக்கட்டும். கையிலிருக்கும் நிலைமின் ஒரு பொறி போதும், கம்பி நடுவில் உருண்டையாகத் திரண்டு அறுந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்ப்பீங்க. கேபிள் மாட்டும்போது இரண்டு பக்கமும் தரைக்கு ஷார்ட் செய்து, மாட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கணும்.

---

பனிக்கலன்:

அலுமினியம் வேண்டாம். 1.2 கெல்வினுக்குக் கீழே அது மீக்கடத்தி. மின்னோட்டம் தாராளமாகப் போகும், வெப்பம் போகாது. எலக்ட்ரான் ஜோடிகள் வெப்பம் சுமப்பதில்லை, சுமக்கக்கூடிய தனி எலக்ட்ரான்கள் குளிரில் அடுக்குக்குறி வேகத்தில் மறைந்துவிடுகின்றன. கம்பியின் இரண்டு வாசலும் அடைபட்ட மாதிரி.

எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் 10 மைக்ரான் கம்பிக்கே பாருங்கள். வயர் வழியே 1 ஃபெம்டோவாட் இரைச்சல் கசிகிறது, ஃபிரிட்ஜ் 20 மில்லிகெல்வின் என்று வைத்துக்கொள்வோம். அலுமினிய வாசல் என்றால் அந்த 1 ஃபெம்டோவாட்டும் ஃபோனான் வழியாகவே இறங்க வேண்டும். பருமன் மிகச் சிறியது, எலக்ட்ரான் வெப்பநிலை 126 மில்லிகெல்வினுக்கு ஏறிவிடும். தடித்த தங்கம் அல்லது தாமிரப் பேட் என்றால் அதே 1 ஃபெம்டோவாட்டுக்கு நடுவே 20.7 மில்லிகெல்வின்தான். அலுமினியத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: டனல் சந்தியால் (மெல்லிய காப்படுக்கு வழியே எலக்ட்ரான் ஊடுருவும் இணைப்பு) எலக்ட்ரான் வெப்பநிலையை அளப்பதானால் அந்தச் சந்திக்கு. அங்கே அது வெப்பத்தை எடுக்காமலிருப்பதே நல்லது.

பேட் 150 நானோமீட்டர் தடிமனும் சில நூறு மைக்ரான் அகலமும் இருக்கட்டும். கம்பியில் பிறந்த வெப்பம் கடைசியில் பேட்டில்தான் ஃபோனானிடம் கைமாற வேண்டும், அதற்குப் பருமன் வேண்டும். கேபிளுக்கு மிக்ஸிங் சேம்பரிலேயே (ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த பகுதி) ஆர்.சி. வடிகட்டியும் தாமிரப் பொடி வடிகட்டியும் போடுங்கள்.

---

சிதறல்:

2.9-ஐ மீறல் என்று எழுதிவிட வேண்டாம். எலக்ட்ரானோடு சேர்ந்து கலவையின் ஃபோனான்களும் வெப்பம் சுமக்கின்றன. கூடுதலாக வந்த 0.46 × 10⁻⁸-ஐ வெப்பநிலையால் பெருக்கித் தன்மின்தடையால் வகுத்தால் மீட்டர்-கெல்வினுக்கு 3 வாட். ஒரு உலோகக் கலவைக்கு இது இயல்பான அளவு. தாமிரத்தில் எலக்ட்ரான் 400 வாட் சுமக்கும்போது இந்த மாதிரி 3 வாட் கண்ணுக்குத் தெரியாது. ஒழுங்கின்மை எலக்ட்ரான் பங்கை 16-க்கு இறக்கிவிட்டதால் இப்போது தெரிகிறது. இது ஊகமா உண்மையா என்று பார்க்க வெவ்வேறு தன்மின்தடையுள்ள நாலைந்து கம்பி எடுத்து, வெப்பக் கடத்துதிறனை மின்கடத்துதிறனுக்கு எதிராக வரையுங்கள். சாய்வு எலக்ட்ரானுடையது, செங்குத்து அச்சில் வெட்டும் இடம் ஃபோனானுடையது. 77 கெல்வினிலும் அளங்கள்: எலக்ட்ரான் பங்கு 5 வாட்டுக்கு இறங்கும், ஃபோனான் பங்கு அவ்வளவு இறங்காது, அப்படியானால் லோரென்ஸ் எண் இன்னும் மேலே போக வேண்டும். பிறகு சில கெல்வினுக்குக் கீழே ஃபோனான் பங்கு மங்கி, எண் 2.44-க்குத் திரும்ப வேண்டும்.

முனைப் பிழை எதிர்த்திசையில் வேலை செய்யும் என்பதையும் கவனியுங்கள். பேட் கொஞ்சம் சூடானால் லோரென்ஸ் எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 12 என்ற எண் காரணமாக இந்தப் பிழை எதிர்பார்ப்பதைவிடப் பெரிது: பேட்டும் கம்பி மாதிரி 20 நானோமீட்டராகவே இருந்தால் 4 மைக்ரான் கம்பியில் ஏறக்குறைய 8 சதவீதம். நீங்கள் 150 போட்டதால் பெரும்பாலும் தப்பித்தீர்கள், ஆனால் பேட் அடியில் குடைந்த தூரம் இதில் சேரும்.

விதி செல்லுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வீடெமனும் ஃபிரான்ஸும் 1853-இல் கண்டது அறை வெப்பநிலை உலோகங்களில். விதி சரியாகச் செல்ல ஒரே நிபந்தனை, எலக்ட்ரான் மோதும்போது ஆற்றலை இழக்காமல் திசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சுத்தமான தாமிரத்தில் 50 கெல்வின் பக்கம் விதி கணிசமாகச் சறுக்குகிறது, ஏனென்றால் அங்கே ஃபோனான் மோதல்கள் எலக்ட்ரானின் ஆற்றலைச் சிறு சிறு துண்டாகப் பிடுங்குகின்றன. திசை அவ்வளவாக மாறுவதில்லை. உங்கள் கலவையில் பெரும்பாலான மோதல் அணுக் கலப்போடும் துகள் எல்லையோடும்தான், எல்லாம் மீள் மோதல். எனவே எலக்ட்ரான் பங்கைப் பொறுத்தவரை, ஒழுங்கற்ற கம்பி சுத்தமான கம்பியைவிட விதிக்கு அதிகம் கட்டுப்படும்.

ஒழுங்கின்மையால் வரும் குவாண்டம் திருத்தங்கள் வேறு. இந்தக் கலவையில் இதற்கு வரலாறும் உண்டு: மெல்லிய கம்பியின் மின்தடை 10 கிலோ ஓம் அளவைத் தாண்டினால் எலக்ட்ரான்கள் இடப்பட்டுப்போகும் (ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும்) என்று 1977-இல் டேவிட் தௌலஸ் சொன்னார், 1979-இல் யேலில் ஜியோர்டானோ, கில்சன், புரோபர் மூவரும் அதைத் தேடியது தங்கம்–பல்லேடியம் கம்பிகளில்தான். திருத்தங்கள் இரண்டு வகை. குறுக்கீட்டால் வரும் பலவீன இடப்பாடு மின்கடத்தலையும் வெப்பக் கடத்தலையும் ஒரே அளவு குறைப்பதால் விதி தப்பிக்கிறது. எலக்ட்ரான்களுக்கு இடையிலான விசையால் வரும் திருத்தம் அப்படியில்லை, அதில் மின்னூட்டம் சுமக்காமல் ஆற்றல் மட்டும் நகர வழி இருக்கிறது; அங்கேதான் உண்மையான மீறல். ஆனால் அதன் அளவைப் பாருங்கள். 1 கெல்வினில் உங்கள் கம்பியின் வெப்ப நீளம் (வெப்பம் எலக்ட்ரான் அலைகளின் ஒத்திசைவைக் கலைக்கும் வரை அவை பரவும் தூரம்) 80 நானோமீட்டர் அளவு. அந்த நீளத்துக் கம்பியின் மின்தடை 23 ஓம். இதைக் குவாண்டம் மின்தடையான 25.8 கிலோ ஓமால் வகுத்தால் ஆயிரத்தில் ஒன்று. 0.1 கெல்வினில் ஆயிரத்தில் மூன்று. ஒரு சதவீத இரைச்சல் அளவீட்டில் இது தெரியாது. மீறலைத் தேடுவதானால் வெப்ப நீளத்துக்கு நூற்றுக்கணக்கான ஓம் வரும்படி கம்பியைச் சிறிதாக்க வேண்டும். 80-ஐ 25 ஆக்கி, தடிமனை 8 ஆக்க வேண்டியிருக்கும்.

பனிக்கலன் சொன்ன ஐந்தாம் படியில் ஒரு திருத்தம். ஐந்து என்பது சுத்தமான உலோகத்துக்கு. உங்கள் கலவையில் எலக்ட்ரான் மோதலுக்கு மோதல் போகும் தூரம் 2 நானோமீட்டர்தான். 1 கெல்வினில் ஃபோனானின் அலைநீளம் 50 நானோமீட்டர். ஒரே அலைக்குள் எலக்ட்ரான் பல முறை மோதிவிடுகிறது. இந்த ஆட்சியில், மாசு அணுக்கள் அணிக்கோவையோடு சேர்ந்து ஆடினால் படி ஆறு. ஆடாமல் நிலையாக நிற்கும் சிதறல் மையங்களாக இருந்தால் படி நாலு. 50 மைக்ரான் கம்பியில் திறனை வெப்பநிலைக்கு எதிராக மடக்கைத் தாளில் வரைந்து படியை நீங்களே எடுங்கள். ஐந்து என்று முன்கூட்டியே பொருத்தினால் சிக்மா வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறிக்கொண்டே வரும்.

---

வெப்பக்கணக்கு:

6.5 மைக்ரோவோல்ட்டை முடிவாக எடுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்க. மின்னோட்டத்தை எப்படிக் கொடுக்கிறீங்க? லாக்-இன் ஆஸிலேட்டரோடு தொடரில் ஒரு மின்தடை போட்டுக் கொடுத்தால், மூன்றாம் ஹார்மோனிக் அந்தத் தொடர் மின்தடைக்கும் கம்பிக்கும் நடுவே பங்கு போகும். தொடர் மின்தடை 10 கிலோ ஓம், கம்பி 1.1 கிலோ ஓம் என்றால் அளப்பது உண்மையில் 90 சதவீதம்தான். சிக்னல் 10 சதவீதம் குறைந்தால் லோரென்ஸ் எண் 10 சதவீதம் கூடித் தெரியும். உங்க 19 சதவீதத்தில் பாதி அதிலேயே போயிடும். தொடரில் 100 கிலோ ஓம் போடுங்க. அதே மின்னோட்டத்தில், வெப்பநிலைக் குணகம் மிகக் குறைவான 1.1 கிலோ ஓம் உலோகச் சவ்வு மின்தடையைக் கம்பியின் இடத்தில் மாட்டிப் பாருங்க. மூன்றாம் ஹார்மோனிக் 0.1 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே வரணும். வரவில்லையென்றால் ஆஸிலேட்டரோ லாக்-இன் முன்நிலையோ தன் சொந்த ஹார்மோனிக்கை உங்க எண்ணில் கலக்குது.

---

மெல்லிழை:

தொடர் மின்தடை 10 கிலோ ஓம்தான். 100 ஆக மாற்றி, சவ்வு மின்தடை சோதனையும் செய்து, 300-லும் 77-லும் புது எண்களை இங்கே இடுகிறேன். குளிர் சிப்பில் பேட் தங்கம், பிடிப்புக்குக் குரோமியம், நீளம் 2, 10, 50 மைக்ரான்.